தென்னை வேர்வாடல் நோயும் ஊரார் கடமையும்

தென்னைக்கு வரும் பிணிகளுள் மரத்தைச் சில மாதங்களில் கொன்றுவிடுவது கொடியதா, கொல்லாமல் பல ஆண்டுகள் நிற்க விடுவது கொடியதா என்று கேட்டால், தோப்புக்காரரில் பெரும்பாலோர் முன்னதே கொடியது என்று விடை கூறுவர். ஒரு மரத்தை மட்டும் கருதினால் அவ்விடை சரியே. தோப்பையும், அடுத்தவர் தோப்பையும், ஊரையும் சேர்த்துக் கருதினாலோ பின்னதே கொடியது. தமிழ்நாட்டின் மேற்கெல்லைத் தாலுகாக்களில் பரவியிருக்கும் வேர்வாடல் நோய் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது மரத்தைச் சாகவும் விடுவதில்லை, பிழைக்கவும் விடுவதில்லை. நோய் கண்ட மரம் ஆண்டுக்குச் சில காய்களைத் தந்துகொண்டு, வெட்டுவதற்கு மனம் வராதபடி உடையவனைத் தடுத்து நிறுத்தி, அதே காலத்தில் தன் ஓலைகளில் வந்தமரும் பூச்சிகளுக்கு நோயை ஊட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துக் குடியானவர்கள் இதைப் படித்து, பொள்ளாச்சியிலும் கம்பத்திலும் உள்ள நோயைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று வினவலாம். இவ்வட்டாரத்தில் தோப்பு என்று சொல்லத்தக்கவை அருகிவிட்டன என்பது உண்மையே. 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் ஏரிப் பாசன நிலங்கள் சிறிது சிறிதாக மனைகளாயின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆயினும் வீட்டுக் கொல்லைகளில் இரண்டொரு தென்னை இன்னும் நிற்கின்றது. ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர்ப் பக்கத்திலும், பூவிருந்தவல்லிக்கு அப்பால் திருமழிசைப் பக்கத்திலும் கிணற்றுப் பாசனத்தில் தென்னை வைத்திருப்போர் உளர். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி அடித்த வார்தா புயலில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சாய்ந்த இடங்களில் வைத்த பிள்ளைகள் எங்கிருந்து வந்தவை, எந்தத் தாய் மரத்துக் காய்கள் என்று கேட்டால், லாரியில் வந்தவை என்பதற்கு மேல் விடை சொல்லக்கூடியவர் சிலரே. நோயைப் பற்றி இங்கே பேசுவதற்கு அவ்வொன்றே போதுமான காரணம்.

தூரம் ஒரு காவலாகாது என்பதற்கு ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயே சாட்சி. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் காணப்பட்ட அந்த ஈ, சில ஆண்டுகளுக்குள் கீழைக் கடற்கரை வரையில் வந்து, ஓலைகளில் கரும்பூசணம் படியச் செய்தது. அது வேர்வாடலைப் பரப்பும் பூச்சியன்று. ஆனால் நாற்றோடும் வண்டியோடும் ஒரு சிறு பூச்சி எத்தனை விரைவாகப் பிரயாணம் செய்யக்கூடும் என்பதை அது தெளிவாகக் காட்டிற்று.

வேர்வாடல் நோயின் சரித்திரம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1882-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின்னர், அக்காலத்தில் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த மீனச்சில் தாலுகா ஈராட்டுப்பேட்டையில் இது முதலில் கண்டறியப்பட்டது. வெள்ளத்தை ஒட்டித் தோன்றினபடியால், நீர் தேங்கி வேர் அழுகிற்று என்றே ஜனங்கள் எண்ணினர். நோய்க்கு வேரின் பெயர் வந்ததும் அவ்வாறே. பூசாவிலிருந்த இம்பீரியல் ஆராய்ச்சி நிலையத்தின் பூசண சாஸ்திரி பட்லர் திருவாங்கூருக்கு வந்து பார்த்து 1908-இல் அறிக்கை எழுதினார். அவர் அழுகிய வேர்களில் ஒரு பூசணத்தைக் கண்டு அதன்மேல் குற்றம் சுமத்தினார். பின்பு வந்தவர்கள் பாக்டீரியா என்றனர், மண்ணில் சத்துக் குறைவு என்றனர், வைரஸ் என்றனர். 1916-இல், சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த காசரகோட்டில் தென்னை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நோய் மலிந்த காயங்குளத்தில் 1947-இல் மற்றொரு நிலையம் ஏற்பட்டது. இவ்வளவு பேர் தேடியும் காரணம் அகப்படாமைக்கு ஒரு நியாயம் உண்டு. அக்காரணமாகிய உயிர் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தென்படாதது. தட்டில் வைத்து வளர்த்துப் பார்க்கவும் இடந்தராதது. பைட்டோபிளாஸ்மா என்று இன்று பெயர் வழங்கும் அவ்வகை நுண்ணுயிர்களை 1967-இல் ஜப்பானியர் முசுக்கட்டைச் செடியிலும் வேறு சில செடிகளிலும் கண்டுபிடித்த பின்னரே தென்னையிலும் தேடத் தோன்றிற்று. 1983-இல் வேர்வாடல் கண்ட தென்னையின் சாறு செல்லும் குழாய்களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் வழியாக அது காணப்பட்டது. ஆகவே வேர்வாடல் என்ற பெயர் பாதிப் பொய். வேர் அழுகுவது உண்மை. அது நோயின் விளைவேயன்றி மூலமன்று. மூலம் ஓலைக்குள் ஓடும் சாற்றில் இருக்கிறது.

இப்பெயர்க் குழப்பத்தால் விளைந்த தீங்கு கொஞ்சமன்று. வேரில் நோய் என்று நம்பிய குடியானவன் வேரைச் சுற்றி மருந்து ஊற்றினான். மேலே ஓலையின் அடிப்புறத்தில் உட்கார்ந்து உறிஞ்சும் பூச்சியை அண்ணாந்து பார்த்தானில்லை. நோயைச் சுமப்பவை இரண்டு பூச்சிகள் என்று பின்னர் நடந்த பரிசோதனைகள் காட்டின. ஒன்று கண்ணாடி இறக்கைப் பூச்சி; வலை பின்னினாற்போன்ற, ஒளி ஊடுருவும் இறக்கைகளை உடையது; ஓர் எள்ளளவே இருக்கும். மற்றொன்று தத்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த புரூட்டிஸ்டா மோஸ்டா என்பது. பாக்கு மரத்தின் மஞ்சளிலை நோயைப் பரப்புவதும் இதுவே. நோயுற்ற மரத்தின் சாற்றை உறிஞ்சும் பூச்சி நுண்ணுயிரையும் சேர்த்து விழுங்குகிறது; அது பூச்சியின் உடலுக்குள் சில காலம் பெருகிப் பின் உமிழ்நீருக்கு வந்து சேர்கிறது; பூச்சி அடுத்த மரத்தில் வாய் வைக்கும்போது அங்கே இறங்குகிறது. புதிதாக நோய் புகுந்த மரத்தில் வெளிக்குறி தோன்றுவதற்குப் பல மாதங்கள் செல்லும். ஆகையால் கண்ணுக்கு ஒரு மரம் நோயுற்றதாகத் தெரியும் நாளில், பக்கத்து மரங்களில் சில நோயை உள்ளே வைத்துக்கொண்டு பச்சையாக நின்றுகொண்டிருக்கக் கூடும்.

முதற் குறி எது என்பதைத் தோப்புக்காரரும் கிராம அதிகாரிகளும் நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் நிறம் முதற் குறியன்று. ஓலையின் கீற்றுகள் விறைப்பை இழந்து, உட்புறமாக வளைந்து, தூரத்திலிருந்து பார்க்கையில் மாட்டின் விலா எலும்புகளைப்போலத் தோன்றும். இதுவே நம்பத்தக்க குறி. அடுத்துக் கீழடுக்கு, நடுவடுக்கு ஓலைகளில் மஞ்சள் ஏறும். கீற்றுகளின் ஓரம் தீய்ந்து கருகும். பாளை சிறுத்து, பூ உதிர்ந்து, காய் குறைந்து, இருக்கும் காயிலும் பருப்பு மெலியும். பெரும்பாலும் குருத்தில் ஓலையழுகல் என்ற வேறொரு பூசண நோயும் சேர்ந்துகொண்டு, விரியும் ஓலை விசிறி கிழிந்தாற்போல வெளிவரும். பார்ப்பவர்கள் இந்த அழுகலையே நோய் என்று எண்ணி அதற்கு மட்டும் மருந்திட்டு ஓய்ந்துவிடுவதும் உண்டு.

இதனோடு தஞ்சாவூர் வாடல் நோயை ஒன்றாக எண்ணிவிடலாகாது. அது 1952-ஆம் ஆண்டின் புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் ஜில்லாவில் கவனிக்கப்பட்டது. கானோடெர்மா என்னும் பூசணத்தால், மண் வழியாகவும் வேர் வழியாகவும் பரவுவது. அதில் அடிமரத்தில் பிளவு கண்டு செந்தவிட்டு நிறச் சாறு வடியும். பின்பு மரம் மெய்யாகவே சாகும். அதற்கு மரத்தைச் சுற்றி அகழி வெட்டிப் பிரித்தல், வேப்பம் பிண்ணாக்கு இடுதல், போர்டோக் கலவை ஊற்றுதல் முதலிய மண் சம்பந்தமான சிகிச்சைகள் பொருந்தும். வேர்வாடலுக்கு அகழி வெட்டுவது வீண். பூச்சி அகழியைத் தாண்டிப் பறக்கும். ஊரிலிருந்து மேலே செல்லும் அறிக்கைகளில் வெறுமனே "வாடல்" என்று எழுதப்படுமாயின், படிப்பவருக்கு எந்த வாடல் என்று விளங்காது. தவறான மருந்தும் தவறான ஆளும் வந்து சேருவர். அடிமரத்தில் சாறு வடிகிறதா, ஓலை விலாவெலும்புபோல் வளைந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

நோயின் பரப்பைச் சிறிது கூறவேண்டும். கேரளத்தில் திருவனந்தபுரம் முதல் திருச்சூர் வரையிலுள்ள எட்டு ஜில்லாக்களில் 1984-85-இல் எடுத்த கணக்கின்படி சுமார் 4.1 லட்சம் ஹெக்டேர் தென்னை இதனால் பீடிக்கப்பட்டிருந்தது. ஆண்டொன்றுக்கு நஷ்டம் 96.8 கோடி காய் என்று மதிப்பிட்டார்கள். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி ஜில்லாவிலும், செங்கோட்டைப் பக்கத்திலும், கம்பம் பள்ளத்தாக்கிலும், பொள்ளாச்சி ஆனைமலைப் பகுதியிலும் அது புகுந்திருக்கிறது. இவை யாவும் மலைக் கணவாய்களை ஒட்டிய இடங்கள் என்பதைத் தேசப்படத்தைப் பார்ப்போர் தாமே காண்பர்.

இவ்வளவு தெரிந்தும் நோயுற்ற மரங்கள் ஏன் நிற்கின்றன? குடியானவனுடைய அறியாமையே காரணம் என்று கூறுவது இலாகாவைச் சேர்ந்தவர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அக்கூற்று நியாயமன்று. தோப்புக்காரனுக்குக் கணக்குத் தெரியும். நோய் கண்ட மரம் ஆண்டுக்கு நாற்பது காய் தருகிறது என்றும், காய் 15 ரூபாய்க்குப் போகிறது என்றும் வைத்துக்கொண்டால் அம்மரம் 600 ரூபாய் தருகிறது. வெட்டிவிட்டால் அது இல்லை. நட்ட நெட்டை மரம் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். வெட்டுக் கூலியும், மரத்தை வெளியேற்றும் கூலியும் கையிலிருந்து போகும். வெட்டுவதனால் உண்டாகும் லாபமோ, தன் தோப்புக்கு ஒரு பங்கும், பக்கத்துத் தோப்புகளுக்கு ஒன்பது பங்குமாகப் போகிறது. பக்கத்துத் தோப்புக்காரன் தன் மரத்தை வெட்டாமல் இருந்தால் அந்த ஒரு பங்கும் நிச்சயமில்லை. இந்நிலையில் ஒருவன் வெட்டாமல் காத்திருப்பது மடமையன்று. தனித்தனியே யோசிக்கும் எந்தப் புத்திசாலியும் அப்படித்தான் செய்வான். 2025-ஆம் ஆண்டில் தேங்காய் விலை என்றுமில்லாதபடி உயர்ந்தபோது இத்தயக்கத்துக்கு இன்னும் பலம் ஏற்பட்டது. விலை ஏறும்போது மெலிந்த காய்க்கும் மதிப்பு வந்துவிடுகிறது.

மனத்தின் தடை வேறு. தமிழில் தென்னங்கன்று என்பது குறைவு. தென்னம்பிள்ளை என்பதே பேச்சு. பெற்ற பிள்ளை கைவிட்டாலும் வைத்த பிள்ளை கைவிடாது என்று பெரியோர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன், தகப்பன் வைத்த மரத்தின் அடியில் கோடரியோடு நிற்க மனம் ஒப்பான். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் தாமே ஒரு மரத்தை ஐம்பது ஆண்டுகள் வளர்த்துப் பார்க்கட்டும்.

இத்தயக்கத்தை அயல்நாட்டு அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மெல்லக் கெடுக்கும் நோயின் கெடுதி நன்கு விளங்கும். மேற்கிந்தியத் தீவாகிய ஜமைக்காவில் தென்னையைப் பற்றுவது கொல்லும் மஞ்சள் நோய் என்பது. அதற்கும் காரணம் பைட்டோபிளாஸ்மாவே. அதைச் சுமப்பது ஹாப்லாக்சியஸ் க்ரூடஸ் என்னும் ஒரு தத்துப்பூச்சி. அந்நோயில் காய்கள் முதிராமல் உதிரும், பாளை கறுக்கும், ஓலைகள் கீழிருந்து மேலாக மஞ்சளாகும், குருத்து சாயும், குறி தோன்றிய சில மாதங்களில் தலையற்ற மொட்டை மரம் கம்பம் போல நிற்கும். 1961 முதல் அத்தீவின் கீழ்ப்பாகத்தில் பரவி இருபது ஆண்டுகளுக்குள் பல லட்சக்கணக்கான நெட்டை மரங்களை அது அழித்தது. மலாய் நாட்டுக் குட்டை ரகத்தையும், அதை பனாமா நெட்டையோடு சேர்த்து உண்டாக்கிய மேபான் என்னும் ஒட்டு ரகத்தையும் நட்டு அத்தீவினர் நோயை வென்றுவிட்டதாகவே எண்ணினர். 1990-களின் பிற்பகுதியில் அந்த ரகங்களும் மடியத் தொடங்கின. அப்போது ஒரு பண்ணையில் மட்டும் தென்னை தழைத்து நின்றது. அங்கே கையாண்ட முறையில் அதிசயம் ஒன்றுமில்லை. வாரந்தோறும் தோப்பு முழுவதையும் சுற்றிப் பார்ப்பது, முதற் குறி கண்ட மரத்தை அப்போதே வெட்டி எரிப்பது, வெட்டிய இடத்தில் உடனே புதுப்பிள்ளை வைப்பது, களை எடுத்து உரமிடுவது என்பவையே. பண்ணையாரின் பெயரால் பிளாக் முறை என்று அது வழங்குகிறது.

ஜமைக்காக்காரன் வெட்டத் துணிவதற்கு அவன் நோயே உதவி செய்கிறது. எப்படியும் சில மாதங்களில் சாகப்போகும் மரத்தை இன்று வெட்டுவதில் அவனுக்கு இழப்புச் சொற்பம். பொள்ளாச்சிக்காரனுக்கு அவ்வுதவி இல்லை. அவன் மரம் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு நிற்கும். ஆகையால் அங்கே நோய் செய்யும் வேலையை இங்கே ஓர் ஏற்பாடு செய்யவேண்டும். வெட்டுவதனால் வரும் இழப்பை யாரேனும் ஈடு செய்யவேண்டும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1970-கள் முதல் மற்றொரு வழியும் கைக்கொண்டார்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்னும் மருந்தை அடிமரத்தில் துளையிட்டுச் செலுத்தினால் நோய்க்குறி அடங்கும். ஆனால் நான்கு மாதத்துக்கொருமுறை செலுத்திக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் நோய் மீளும். வீதியோரத்தில் அழகுக்கு நிற்கும் மரத்துக்கு அது சரி. இளநீரும் காயும் பறித்து உண்ணும் மரத்துக்கு ஆகாது. மருந்துக் கடைக்காரர் எவரேனும் வேர்வாடலுக்கு ஊசி உண்டு என்று சொன்னால் குடியானவர்கள் இதை நினைவிற் கொள்க.

இலங்கையின் அனுபவம் இன்னும் அருகில் உள்ளது. 2006-இல் தென் மாகாணத்து வெலிகம பக்கத்தில் வேர்வாடலை ஒத்த ஓலை வாடல் நோய் காணப்பட்டது. லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் மரத்தைப் பிழைக்க வைக்கும் ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திராமல், நோயிடத்தைச் சுற்றி எல்லை வகுத்து, எல்லையிலுள்ள நோய் மரங்களை வெட்டுவிப்பதையும், அங்கிருந்து பனை இனத்துச் செடிகள் வெளியே செல்லாமல் தடுப்பதையும் முதற் காரியமாகக் கொண்டனர். உள்ளே இருப்பதை முற்றும் ஒழிக்க முடியாவிட்டாலும், வெளியே செல்லாமல் தடுப்பது முடியும் என்பதே அதன் கருத்து.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்விஷயத்தில் முதல் விவேகம். நோய் ஊன்றிவிட்ட நடுப்பாகத்தில் எல்லா மரங்களையும் வெட்டச் சொல்வது தோப்பையே வெட்டச் சொல்வதாகும். அது நடவாது, நடக்கவும் வேண்டியதில்லை. அங்கே ஆண்டுக்குப் பத்துக் காய்க்குக் குறைவாகத் தரும் மரங்களை மட்டும் நீக்கி, மற்றவற்றுக்கு எருவும் உரமும் ஒழுங்காக இட்டு, வட்டப் பாத்தியில் தட்டைப்பயறோ சணப்போ விதைத்து மடக்கி, மரமொன்றுக்கு ஆண்டுக்கு 500 கிராம் மெக்னீசியம் சல்பேட்டும் சேர்த்து, விளைச்சலைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் கூறுவர். மேலடுக்கு ஓலைகளின் இடுக்கில் 250 கிராம் வேப்பம் பிண்ணாக்குத் தூளைச் சம அளவு மணலுடன் கலந்து வைப்பது பூச்சிகளைக் குறைக்கும். ஆனால் நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் எல்லை ஊர்களில் இந்தப் பராமரிப்பு உபதேசம் தீங்காகவே முடியும். உரத்தால் தேறிப் பச்சை காட்டும் நோய் மரம், நோயில்லாத மரமாகிவிடுவதில்லை. பூச்சிக்கு இன்னும் நல்ல உணவாகவே நிற்கிறது. எல்லை ஊரில் ஒரே விதிதான் உண்டு. குறி கண்ட மரம் அந்த வாரமே விழவேண்டும்.

விதி சொல்வது எளிது. செலவு யாருடையது என்பதே கேள்வி. தென்னை வளர்ச்சி வாரியத்தார் நடத்திவந்த மறுநடவுத் திட்டத்தில் வெட்டும் மரத்துக்கு 1,000 ரூபாய் வீதம், ஹெக்டேருக்கு 32 மரங்கள் வரையில் உதவி கொடுக்கப்பட்டது. கிழட்டு மரங்களை மாற்றுவதற்கு இந்த அளவு பொருத்தமாயிருக்கலாம். நோயை நிறுத்துவதற்குப் பொருந்தாது. ஏழரை மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 175 மரங்கள் வரை நிற்கும். அதில் அறுபது நோய் மரம் உள்ளவன் முப்பத்திரண்டை வெட்டி இருபத்தெட்டை வைத்துக்கொண்டால், செலவழித்த 32,000 ரூபாயும் பூச்சிக்கு இட்ட பலியாகும். எல்லை ஊர்களில் மரத்தொகைக்கு வரம்பு வைக்கலாகாது. உதவித் தொகையும் வெட்டுக் கூலியை மட்டும் ஈடு செய்வதாக இராமல், புதுப்பிள்ளை காய்க்கும் வரையிலுள்ள ஆண்டுகளின் இழப்பில் ஒரு பகுதியையாவது தாங்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அது மரம் விழும் அன்றே கையில் சேரவேண்டும். மனு எழுதி, படம் பிடித்து, பலமாதம் கழித்து வரும் தொகையை நம்பி ஒருவனும் கோடரி எடுக்கமாட்டான். பக்கத்து ஊரான் ஒருவன் ஏமாந்தான் என்ற செய்தி ஒன்றே ஒரு பிர்க்கா முழுவதையும் நிறுத்திவிடும்.

கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லையா என்று சிலர் கேட்பர். உண்டு. 1919-ஆம் ஆண்டிலேயே சென்னை ராஜதானியில் விவசாயப் பூச்சி நோய்ச் சட்டம் செய்யப்பட்டது; இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுக்கு அது முன்னோடி. ஒரு பூச்சியையோ நோயையோ குறிப்பிட்டு விளம்பரம் செய்தபின், நிலத்தை அனுபவிப்பவர் இன்ன காரியம் செய்தே தீரவேண்டும் என்று உத்தரவிடலாம். செய்யாவிட்டால் அதிகாரிகள் செய்து செலவை அவரிடமே வசூலிக்கலாம். அக்காலத்தில் பருத்தியின் தண்டுக் கூன்வண்டை ஒழிக்கக் குறித்த தேதிக்குள் பழஞ்செடிகளைப் பிடுங்கவேண்டும் என்று விதித்ததும், மேற்குக் கடற்கரையில் தென்னையின் கருந்தலைப் புழுவுக்கு ஓலை வெட்டுவித்ததும் இச்சட்டத்தின்படியே. ஆனால் பருத்தியைக் கண்டு தென்னைக்கு வழி வகுத்தல் கூடாது. பருத்தி ஓராண்டுப் பயிர். விளைச்சல் எடுத்தபின் மிஞ்சும் மிலாரைப் பிடுங்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அறுபது ஆண்டு நிற்கும் மரத்தை நோட்டீஸ் கொடுத்து வெட்டுவித்தால், நோய் மரத்தை மறைக்கவே ஜனங்கள் கற்றுக்கொள்வர். ஈடு முழுதும் கொடுத்தபின்னும் ஊர் முழுவதையும் பணயம் வைத்து ஒருவன் மறுப்பானாகில், அவனுக்காகச் சட்டம் இருக்கட்டும். அதற்கு முன் வேண்டாம்.

கிராம அதிகாரிகளின் உதவி இல்லாமல் இவற்றில் ஒன்றும் ஆகாது. 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் நீங்கி, அவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தபோதிலும், எந்தச் சர்வே எண்ணில் என்ன நிற்கிறது என்று அறிந்தவர் இன்றும் ஊரில் அவர் ஒருவரே. அடங்கலில் பயிரின் பரப்பு ஏறுவதைப்போல, நோய் மரங்களின் தொகையும் ஓர் ஏட்டில் சர்வே எண் வாரியாக ஏறவேண்டும். ஆண்டுக்கு இருமுறை வேளாண்மை அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரோடு சேர்ந்து தோப்புகளைச் சுற்றி எண்ணி எழுதினால், எந்த ஊர் நடுப்பாகத்தைச் சேர்ந்தது, எந்த ஊர் எல்லையைச் சேர்ந்தது என்பதைக் கணக்கே சொல்லும். இப்போது அது வாய்ப்பேச்சாலும் கூட்டத்தில் உரக்கப் பேசுவோர் குரலாலும் தீர்மானிக்கப்படுகிறது.

வெட்டிய மரத்தைப் பற்றி ஒரு பயம் ஜனங்களிடம் இருக்கிறது, அதை நீக்கவேண்டும். இந்நுண்ணுயிர் உயிருள்ள சாற்றுக் குழாயில் மட்டுமே வாழ்வது. ஓலை காய்ந்தால் அதுவும் மடிகிறது. பூச்சியும் காய்ந்த ஓலையை நாடாது. ஆகையால் கொண்டையை எரித்துவிட்டு அடிமரத்தை விட்டத்துக்கோ விறகுக்கோ தாராளமாய் விற்கலாம். மண்ணில் நோய் தங்காதபடியால், தஞ்சாவூர் வாடலில் போல அஞ்சவேண்டிய அவசியமின்றி, அதே குழியில் புதுப்பிள்ளை வைக்கலாம். ஆனால் அடிமரத்தைத் தோப்பிலேயே மட்க விட்டால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் குடிபுகும்; அது வேறொரு வழக்கு.

புதிதாக வைப்பதற்குக் கல்பரட்சா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா என்ற ரகங்கள் இந்நோயைத் தாங்குவனவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. முதலிரண்டும் குட்டை, முதலது மலாய்ப் பச்சைக் குட்டையிலிருந்தும், அடுத்தது சாவக்காட்டுப் பச்சைக் குட்டையிலிருந்தும் எடுத்தவை. மூன்றாவது சாவக்காட்டுப் பச்சைக் குட்டைக்கும் மேற்குக் கடற்கரை நெட்டைக்கும் பிறந்த ஒட்டு. தாங்குவது என்றால் ஒருபோதும் பற்றாது என்று பொருளன்று. மேபானின் கதையை மறந்தவர்கள், இந்தப் பிள்ளைகளை வைத்துவிட்டு நோய் மரங்களை நடுவே நிறுத்தி வைப்பார்கள்.

இனி அம்பத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு. இங்கே ஓலை மஞ்சளிப்பதைக் கண்டவுடன் வேர்வாடல் என்று அஞ்சி வெட்டிவிடுவதும் தவறு. நீர் தேங்கினாலும், நீர் இல்லாமற்போனாலும், சத்துக் குறைந்தாலும் தென்னை மஞ்சளிக்கும். ஓலைமேல் கரிபோலப் படிந்திருந்தால் வெள்ளை ஈ. விரிந்த ஓலையில் கத்தரித்தாற்போல முக்கோண வெட்டு இருந்தால் காண்டாமிருக வண்டு. அடிமரத்தில் துளையும் சக்கையும் இருந்தால் கூன்வண்டு. இவற்றுக்கெல்லாம் வெட்டாமலே பரிகாரம் உண்டு. கீற்றுகள் விலாவெலும்புபோல் வளைந்திருந்தால் மட்டும் அன்றே தோட்டக்கலை அலுவலருக்குச் சொல்லவேண்டும். வெளிக்குறி தோன்றுமுன்பே நோயைக் காட்டும் எலிசா என்ற பரிசோதனை முறை காசரகோட்டு நிலையத்தாரிடம் இருக்கிறது. கிணற்றடியில் சேம்பும் வாழையும் இருப்பது இவ்வட்டாரத்தில் சகஜம். கண்ணாடி இறக்கைப் பூச்சி அவற்றிலும், மஞ்சள், ஏலம் முதலிய செடிகளிலும் வாழும். அவற்றை ஒழித்துவிடச் சொல்வது வீண் தொந்தரவு. இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்து, பூச்சி மலிந்திருக்கும் இலையை வெட்டி எரித்தால் போதும்.

பிள்ளை வாங்கும் விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். ஆடி மாதத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் நடவுக்கென்று லாரிகளில் வந்து சாலையோரத்தில் நிற்கும் பிள்ளைகளைத் தழையழகைப் பார்த்து வாங்குவதை நிறுத்தவேண்டும். இரண்டு நூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது என்பது ஒரு காரணமாகாது. விதைக்காய் எந்த ஜில்லாவில், எந்தத் தோப்பில் எடுத்தது, நாற்றங்கால் எங்கே என்று விற்பவரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பொள்ளாச்சி, கம்பம், செங்கோட்டை, கன்னியாகுமரிப் பகுதிகளிலிருந்தோ கேரளத்தின் தென் ஜில்லாக்களிலிருந்தோ வந்தவையானால், ஆராய்ச்சி நிலையத்தின் சான்று இல்லாமல் தொடலாகாது. சர்க்கார்ப் பண்ணைகளிலும், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆழியார் நகர், வேப்பங்குளம் நிலையங்களிலும் கிடைக்கும் பிள்ளைகளுக்குக் காத்திருக்க நேரிட்டாலும் காத்திருப்பதே நலம். வாங்கிய பிள்ளையை நட்டபின், மூன்றடிக் குழியின் பக்கத்தில் ஒரு முளை அடித்து, வாங்கின தேதியையும் இடத்தையும் ரகத்தையும் எழுதி வைத்தால், நாளை அதில் ஏதேனும் குறி கண்டபோது எங்கே போய்க் கேட்பது என்பது அலுவலருக்கும் தெரியும், உடையவருக்கும் தெரியும்.